குமரி எல்லையில் சுவாஹிலி: மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

தாருஸ்ஸலாமில் கணக்கு எழுதியவர்கள், மொம்பாசாவில் பாடம் நடத்தியவர்கள், மஸ்கட்டில் சான்சிபார் வழிவந்த ஓமானிக் குடும்பங்களில் வண்டி ஓட்டி அங்கேயே மொழி பிடித்தவர்கள் என்று மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் கிழக்கு ஆப்பிரிக்காவின் பொது மொழியான சுவாஹிலி தெரிந்த ஆட்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஊருக்கு வந்து, வீடு கட்டி முடித்து, கையிருப்பு கரையத் தொடங்கும்போது எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: அந்த மொழியை வைத்து இங்கே பிழைப்பு ஏதாவது உண்டா?

உண்டு, ஆஸ்பத்திரிகளிலும் முந்திரி வியாபாரத்திலும். ஆனால் மாதச் சம்பளம் மாதிரி வராது. ஒரு மாதம் ஓய்வில்லாமல் ஓடுவீர்கள், அடுத்த மாதம் ஃபோனே அடிக்காது. வேறொரு வருமானம் இருப்பவர்களுக்குத்தான் இது சரிப்படும், ரப்பரோ வாடகையோ டியூஷனோ எதுவாவது. இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதியிருப்பதில் பாதி அதைச் சுற்றித்தான் வரும்: மொழிக்குக் கூலி வாங்குங்கள், ஆளைக் கொண்டுவந்து விட்டதற்குக் கமிஷன் வாங்காதீர்கள். இரண்டும் ஒரே வேலை மாதிரித் தெரியும், ஒன்றில் கால் வைத்தால் மற்றதற்கு யாரும் உங்களை நம்ப மாட்டார்கள்.

யாருக்கு நீங்கள் வேண்டும்

நைரோபியிலிருந்து இங்கே சிகிச்சைக்கு வரும் படித்த கென்யாக்காரருக்கு நீங்கள் வேண்டாம், அவர் உங்களைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவார். டான்சானியா வேறு. அங்கே அரசு ஆரம்பப் பள்ளிப் பாடமெல்லாம் சுவாஹிலியில், இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் ஆங்கில வழி. அதனால் ம்ட்வாராவிலிருந்தோ தபோராவிலிருந்தோ வரும் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் வாயடைத்துப் போய்விடுவார்கள். கூட வரும் மகனுக்கோ மருமகனுக்கோ கொஞ்சம் ஆங்கிலம் இருக்கும், ஆனால் மாமியாரின் சிறுநீர்ப் பிரச்சினையை மருமகன் எப்படி எடுத்துச் சொல்வார்? அங்கேதான் உங்கள் இடம்.

கிழக்குக் காங்கோக்காரர்களும் சுவாஹிலி பேசுவார்கள், ஆனால் கோமாவிலும் லுபும்பாஷியிலும் பேசுவது பிரெஞ்சு கலந்த வேறு மாதிரி. ஐந்து நிமிடம் ஃபோனில் பேசிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். கொமோரோஸ் தீவுக்காரர் என்றால் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள். அது சுவாஹிலிக்குச் சொந்தக்கார மொழி, சுவாஹிலி அல்ல. பாதி புரிவது ஒன்றும் புரியாததைவிட ஆபத்து.

நம் ஆட்களிடம் உள்ள சரக்கு என்னவென்றால், சுவாஹிலி மட்டும் இல்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியிடம் ஆங்கிலத்திலும் நர்ஸிடம் மலையாளத்திலும் பேசுவார், பில் கவுண்டரில் இருப்பவர் மலையாளம் மட்டும், தூத்துக்குடித் துறைமுகத்து கிளியரிங் ஏஜென்ட் தமிழ். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது, தமிழும் மலையாளமும் நமக்குப் படித்து வந்ததில்லை. டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரும் சுவாஹிலி மொழிபெயர்ப்பாளருக்கு இது இருக்காது. போய் நிற்கும் இடத்தில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கடைச் சுவாஹிலி போதாது

தாருஸ்ஸலாமின் கரியாகூ மார்க்கெட்டில் விலை பேசிய சுவாஹிலியை வைத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியாது. உங்களையே சோதித்துப் பார்க்க எளிய வழி: பிபிசி சுவாஹிலியோ டாய்ச்ச வெல்லே சுவாஹிலியோ, ஐந்து நிமிடச் செய்தியை ஓடவிட்டு, இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தாளில் குறித்துக்கொண்டு, அதைத் தமிழிலும் அப்புறம் ஆங்கிலத்திலும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எண்களும் பெயர்களும் தவறாமல் வந்தால் நீங்கள் தயார். பொதுவான அர்த்தம் மட்டும் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் உட்கார வேண்டும்.

ஒன்றுமே தெரியாமல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்குச் சுவாஹிலிக்கு 36 வாரம், தமிழுக்கு 44 வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறது, அதுவும் முழுநேர வகுப்பு. அந்த நிலையத்தின் பழைய சுவாஹிலிப் பாடப் புத்தகமும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, சலிப்பான பாடம்தான், ஆனால் வேலைக்கு ஆகும். டுவோலிங்கோவில் சுவாஹிலி இருக்கிறது, தினம் பத்து நிமிடம் வாய் பழக நல்லது, அதைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம். முறையாகச் சான்றிதழ் வேண்டும் என்றால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை சுவாஹிலி கற்றுத்தருகிறது.

பேசிப் பழக ஆள் வேண்டுமா, கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். நீங்கள் அவர்களுக்கு வீட்டு உரிமையாளரோடு பேச மலையாளம் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் உங்கள் சுவாஹிலியைத் திருத்தட்டும். காசு கொடுத்து அவர்களையே வேலைக்கு அனுப்பும் யோசனை சிலருக்கு வரும், வேண்டாம். மாணவர் விசாவில் சம்பள வேலை செய்தால் மாட்டிக்கொள்வது அந்தப் பிள்ளைகள்தான்.

திருத்திக்கொள்ள வேண்டியது முக்கியமாகப் பெயர்ச்சொல் வகுப்புகள், அதாவது எந்த வகைப் பெயர்ச்சொல்லுக்கு எந்த முன்னொட்டு என்பது. கடையில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, எதற்கும் ஒரே முன்னொட்டைப் போட்டு ஓட்டிவிடலாம். ஆனால் கரையோரத்துப் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டால், இந்த ஆளிடம் என் நோயைச் சொல்லலாமா என்று யோசிப்பார். பாடநூல் மொழி சான்சிபார் நகரப் பேச்சை அடிப்படையாக வைத்துத்தான் 1930களில் ஒழுங்கு செய்யப்பட்டது, அதனால் தீவுக்காரர்களுக்குக் காது கொஞ்சம் கூர்மை.

ஆஸ்பத்திரி

திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே நேரில் போங்கள், மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது. ஒரே ஒரு பக்கத்தில் பெயர், தெரிந்த மொழிகள், எந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தீர்கள், எவ்வளவு நேரத்தில் வந்து சேர முடியும், அரைநாள் கூலி எவ்வளவு. குழித்துறையில் ரயில் ஏறினாலும் களியக்காவிளையில் பஸ் ஏறினாலும் நகரத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலைத் தொட ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பக்கத்து லாட்ஜ்காரர்களிடமும் ஒரு கார்டு கொடுத்து வையுங்கள். யார் எந்த நாட்டிலிருந்து வந்து எத்தனை நாளாகத் தங்கியிருக்கிறார்கள் என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியும் முன்பே அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி, அறைக்குள்.

நோயாளி வயதானவர் என்றால் ‘ஷிகமோ’ என்று பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் சொல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். அவர் பதிலுக்கு ‘மரஹபா’ என்பார். அப்புறம் பயணம் எப்படி, வீட்டில் எல்லாரும் எப்படி, தூக்கம் வந்ததா என்று ஒரு சுற்று போகும். டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார், அவரிடம் முன்கூட்டியே ஒரு நிமிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த ஒரு நிமிடம் போனால்தான் அடுத்த பத்து நிமிடம் உண்மை வரும்.

உட்காரும் இடம் நோயாளிக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால். டாக்டரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச வேண்டும், இருவரும் உங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் நீங்கள் உட்கார்ந்த இடம் சரியில்லை. அவர் ‘எனக்கு வலிக்கிறது’ என்றால் நீங்களும் ‘எனக்கு வலிக்கிறது’ என்றே சொல்ல வேண்டும். நம் வாய்க்கு ‘வலிக்குதாம், நேத்து ராத்திரி தூங்கலையாம்’ என்றுதான் வரும், தமிழிலும் சரி மலையாளத்திலும் சரி. அந்த ‘ஆம்’ போட்டுப் பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் சுருக்கிச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள், நோயாளி மூன்று நிமிடம் சொன்னதை ‘வயிறு சரியில்லையாம்’ என்று முடித்துவிடுவீர்கள். புதியவர்கள் எல்லாரையும் இந்தப் பழக்கம்தான் கெடுக்கிறது.

நேரம். இதில் தவறினால் மருந்தே தவறிவிடும். சுவாஹிலியில் நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது, அதனால் நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ‘சா ம்பிலி அசுபுஹி’ என்றால் நேரே எடுத்தால் காலை இரண்டு மணி, உண்மையில் காலை எட்டு. ‘சா ம்பிலி உசிகு’ இரவு எட்டு. எப்போதும் ஆறு மணி நேர வித்தியாசம். ஆங்கிலம் பேசும்போது பெரும்பாலும் அவர்களே மாற்றிக்கொள்வார்கள், ஆனால் களைத்துப்போயிருக்கும்போது சிலருக்குப் பழைய கணக்கே வாயில் வந்துவிடும். மாத்திரைச் சீட்டில் கடிகாரப் படம் வரைந்து முள்ளைக் காட்டிக் கொடுங்கள், பக்கத்தில் சூரியனோ நிலாவோ ஒன்று. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

உடம்புச் சொற்களுக்குத் தனி நோட்டு போடுங்கள். ‘ம்கூ’ என்றால் தொடையிலிருந்து பாதம் வரை எல்லாம், நம் ‘கால்’ மாதிரியே. டாக்டருக்கு அது போதாது, விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ‘தும்போ’ வயிறுதான், ஆனால் அடிவயிறா கருப்பையா என்று கேட்காமல் சொல்லக் கூடாது. ‘ஹோமா’ காய்ச்சல், சிலர் உடம்பு முடியாமல் இருப்பதற்கெல்லாம் அதையே சொல்வார்கள், மலேரியாவுக்கும் அதே. உடம்பு சுட்டதா, அளந்து பார்த்தீர்களா என்று டாக்டரைக் கேட்க விடுங்கள், நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். ‘பிரெஷா’ என்பது ரத்த அழுத்தம், ஏறும் பிரெஷாவும் உண்டு, இறங்கும் பிரெஷாவும் உண்டு, எது என்று கேட்டே ஆக வேண்டும். ‘கிசுங்குசுங்கு’ தலைசுற்றல், ‘கன்சி’ மரத்துப்போவது, ‘கிசுகாரி’ சர்க்கரை நோய், ‘ஃபிகோ’ சிறுநீரகம், ‘உபசுவாஜி’ அறுவை சிகிச்சை. ஒவ்வொரு துறைக்கும் ஐம்பது சொல் தெரிந்தால் உட்காரலாம், போகும் முன்னால் எந்தத் துறை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உறவு முறையில் நமக்கு ஒரு வசதி. ‘பாபா ம்குப்வா’ அப்படியே பெரியப்பா, ‘பாபா ம்டோகோ’ சித்தப்பா, ‘மாமா ம்குப்வா’ பெரியம்மா, ‘மாமா ம்டோகோ’ சித்தி, ‘ம்ஜோம்பா’ தாய்மாமன், ‘ஷங்காசி’ அத்தை. தமிழ்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிக்கல் ஆங்கிலத்துக்குப் போகும்போது வருகிறது. ‘ண்டூகு’ என்று ஒரு சொல், அது கூடப்பிறந்தவராகவும் இருக்கலாம், சித்தப்பா மகனாகவும் இருக்கலாம், ஒரே ஊர்க்காரராகவும் இருக்கலாம், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாது. வினைச்சொல்லிலும் ஆண்பால் பெண்பால் இல்லை. சாதாரணமாக இது பெரிய விஷயமில்லை. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையில் பெரிய விஷயம். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவு என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், பிறகு 2011 திருத்தத்தில் சேர்ந்த தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், அவ்வளவுதான். பெரியப்பா மகன் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் ‘ண்டூகு’வை வாய்க்கு வந்தபடி அண்ணன் என்று சொல்லி, அது எழுத்தில் ஏறி, பிறகு பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் வேறாக இருந்தால், அந்தக் குடும்பம் பொய் சொன்னதாக ஆகிவிடும். ‘ஒரே தாய், ஒரே தகப்பனா?’ என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சம்மதப் படிவம் இன்னொரு பள்ளம். நர்ஸ் அவசரத்தில் படிவத்தை உங்கள் கையில் கொடுத்து, இதைப் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கிடுங்க என்பார். வாங்காதீர்கள். டாக்டர் விளக்க வேண்டும், நீங்கள் அதைச் சொல்ல வேண்டும். சாட்சிக் கையெழுத்தும் உங்களுடையது வேண்டாம், மொழிபெயர்த்தவர் என்று போட்டுக் கையெழுத்திட இடம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

குடும்பத்தார் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவிடம் புற்றுநோய் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்பார்கள். நம் ஊரிலும் நடப்பதுதானே. மறைக்கவும் வேண்டாம், நீங்களாக உடைக்கவும் வேண்டாம், அந்த வேண்டுகோளையே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முடிவு அவர்களுக்குள். டாக்டரும் நர்ஸும் தங்களுக்குள் மலையாளத்தில் முணுமுணுத்தால் நோயாளி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். ‘அவர்கள் தங்களுக்குள் பேசுகிறார்கள், கேட்டுச் சொல்லவா?’ என்று சொல்லுங்கள், டாக்டருக்கும் அது காதில் விழட்டும்.

பெண் நோயாளி என்றால், ஆண் மொழிபெயர்ப்பாளர் சரிதானா என்று முதலிலேயே கேளுங்கள். வெளியே திரைக்கு அப்பால் நின்றும் பேசலாம். இந்த வேலையில் பெண்களுக்குக் கிராக்கி அதிகம் என்பது என் அபிப்பிராயம், ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய நர்ஸுகள் இங்கே வீட்டில் உட்கார்ந்திருப்பது பெரிய வீண்.

பணப் பேச்சில் ஒரு எச்சரிக்கை. அவர்கள் மொழியில் ‘லக்கி’ என்றால் நம் லட்சமேதான், இந்தியாவிலிருந்து போன சொல். காதில் விழுந்ததும் நமக்கு ரூபாய் என்று தோன்றும், அவர்கள் ஷில்லிங்கில் சொல்லியிருப்பார்கள், ஆஸ்பத்திரி டாலரில் எழுதியிருக்கும். தொகையைச் சொல்லும்போதெல்லாம் நாணயத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், எழுதியும் காட்டுங்கள்.

மருந்து, வீடு, சாப்பாடு, சிம் கார்டு என்று எல்லாவற்றுக்கும் உங்களைக் கூப்பிடுவார்கள். கொஞ்சம் உதவலாம். மரச்சீனியும் தேங்காய்ப்பாலும் மீனும் கிடைக்கும் ஊர் என்று தெரிந்தாலே பாதிப் பேர் தெம்பாகிவிடுவார்கள், அவர்கள் ‘முஹோகோ’ என்பது அதே கிழங்குதான். ஆனால் உங்கள் மாடியையே வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள்: வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் அரசின் குடியேற்ற இணையதளத்தில் பதிய வேண்டும், அது லாட்ஜுக்கு மட்டுமில்லை, வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

கூலியும் கமிஷனும்

மணிக்கணக்கு பேசாதீர்கள். பேச்சு இருபது நிமிடம், காத்திருப்பது மூன்று மணி நேரம், ஆஸ்பத்திரி அப்படித்தான். அரைநாள், முழுநாள் என்று இரண்டே கணக்கு வையுங்கள். போக்குவரத்து தனி. ராத்திரி அழைப்பு, அறுவை சிகிச்சை நாள் இதற்கெல்லாம் கூடுதல் என்று முன்பே எழுதிக் கொடுங்கள். ஃபோனில் பேசித் தீரும் விஷயங்களுக்குத் தனியாக ஒரு குறைந்த தொகை. எவ்வளவு என்று கேட்டால், உங்கள் ஊரில் ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் ஒரு நாளைக்கு என்ன வாங்குகிறாரோ அதற்குக் கீழே போகாதீர்கள், அனுபவம் வர வர மேலே போங்கள்.

யார் தருவது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி தந்தால் ரசீது அவர்கள் பெயரில், நோயாளி தந்தால் அவர் பெயரில். இரண்டு பக்கமும் வாங்கக் கூடாது.

இதற்குள் ஒரு தரகர் வருவார். நோயாளியைக் கொண்டுவந்தால் பில்லில் இத்தனை சதவீதம் என்பார், அரைநாள் கூலியைப் போல அது பல மடங்கு இருக்கும், மறுக்க மனசு வராது. அதை வாங்கிய நாளிலிருந்து, டாக்டர் ‘ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும்’ என்று சொல்வது உங்களுக்கு நஷ்டம். அந்த வாக்கியத்தை நீங்கள் நேர்மையாகத்தான் மொழிபெயர்ப்பீர்கள், ஆனால் நோயாளியின் வீட்டில் பிறகு தெரிய வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். டான்சானியாவிலிருந்து வரும் குடும்பங்கள் ஒருவர் சொல்லித்தான் அடுத்தவர் வருகிறார்கள், வாட்சப் குழுவில் ஒரு குரல் பதிவு போதும் உங்கள் பெயர் எழவும் விழவும்.

தாளும் இணையமும்

நோயறிக்கை, பிறப்புச் சான்று, திருமணச் சான்று இவற்றை மொழிபெயர்த்துத் தரச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு உரிமம் தரும் ஒரே அதிகாரம் என்று நம் நாட்டில் எதுவும் இல்லை. நோட்டரி போடும் முத்திரை, பெரும்பாலும் கையெழுத்து உங்களுடையதுதான் என்பதற்கு மட்டும், மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு அல்ல. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம், இந்தத் தாள் எந்த அலுவலகத்துக்குப் போகிறது, அங்கே யார் முத்திரை கேட்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். டான்சானியாவில் ‘பகிட்டா’ என்கிற தேசிய சுவாஹிலி மன்றம் 1967இலிருந்து இருக்கிறது, மொழிபெயர்ப்புகளைச் சரிபார்த்துத் தரும் வேலையும் அதற்கு உண்டு. சில தாள்களுக்கு அங்கேயே செய்துகொள்வது நல்லது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

இணைய ஏஜென்சிகளில் ஆங்கிலத்திலிருந்து சுவாஹிலிக்கு எழுதித் தருகிறேன் என்று போட்டி போடாதீர்கள். நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் தாய்மொழிக்காரர்கள் அதைவிட நன்றாகவும் மலிவாகவும் செய்கிறார்கள். நீங்கள் விற்க வேண்டியது சுவாஹிலியிலிருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும், முடிந்தால் ஆங்கிலத்துக்கும். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது எந்த மொழிச் சொல்லை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். சுவாஹிலியும் தமிழ் மாதிரி ஒட்டி ஒட்டிப் போகும் மொழி, ‘நிடகுபிகியா’ என்று ஒரு சொல்லில் நான் உனக்கு ஃபோன் பண்ணுவேன் என்பது முழுதும் அடங்கிவிடும். மூலத்தை எண்ணினால் உங்களுக்கு ஒரு சொல், ஆங்கிலத்தை எண்ணினால் நாலைந்து. பக்கக் கணக்கோ ஆங்கிலச் சொல் கணக்கோ கேளுங்கள்.

புரோஸ் (ProZ) என்கிற மொழிபெயர்ப்பாளர் தளத்தில் புளூ போர்டு என்று ஒன்று இருக்கிறது, எந்த ஏஜென்சி ஒழுங்காகப் பணம் தருகிறது என்று மொழிபெயர்ப்பாளர்களே எழுதி வைத்திருப்பார்கள், வேலை எடுக்கும் முன் பாருங்கள். ஒமேகாடி (OmegaT) மொழிபெயர்ப்புக்கான இலவச மென்பொருள், உங்கள் சொற்பட்டியலை அதிலேயே வளர்க்கலாம். கூகுள் டிரான்ஸ்லேட்டில் சுவாஹிலி ஓரளவு நன்றாகவே வருகிறது, சந்தேகத்துக்குப் பார்க்கலாம், ஆனால் நோயாளியின் அறிக்கையை அதிலோ வேறு ஏஐ தளத்திலோ ஒட்டாதீர்கள், அது உங்கள் தாள் இல்லை.

போலீஸ், கோர்ட் வேலை எப்போதாவது வரும். உறுதிமொழி எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கும், அனுபவம் வந்த பிறகு போகலாம்.

பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் வங்கியில் வரவுச் சான்று வாங்கி வையுங்கள். வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் தாண்டாத வரை சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது, நம்மில் யாரும் இதை வைத்து அதைத் தாண்டப் போவதில்லை. பான் எண் போட்ட எளிய பில் புத்தகம் ஒன்று போதும், மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அண்டி ஆபீஸ்

முந்திரிக் கொட்டை உடைக்கும் ஆலையைத்தான் இங்கே அண்டி ஆபீஸ் என்போம், நம் பக்கத்துக்கே உரிய வாசல் இது. கொல்லாமாவு என்கிற முந்திரி மரம் பிரேசிலில் இருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது, இங்கேயும் நட்டார்கள், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலும் நட்டார்கள். கொல்லத்திலும் குமரி மாவட்டத்திலும் உள்ள அண்டி ஆபீஸ்களுக்கு உள்ளூர்க் கொட்டை என்றைக்குமே போதாது, கப்பலில்தான் வருகிறது, கொஞ்சம் கொச்சி வழியாக, நிறையத் தூத்துக்குடி வழியாக. மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டைக்கு உங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஐவரி கோஸ்ட்டிலும் பெனினிலும் பிரெஞ்சு. டான்சானியக் கொட்டைக்குத்தான் நீங்கள். ம்ட்வாரா, லிண்டி, ருவுமா, அந்தத் தெற்குப் பகுதிகள்.

அங்கே விவசாயியிடம் நேராகப் போய் வாங்க முடியாது. கொட்டை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், கிடங்கில் எடை போட்டு ரசீது எழுதி, ஏலத்துக்கு வரும், 2007 முதல் இந்த முறை. 2018இல் வியாபாரிகள் கேட்ட விலை குறைவு என்று அதிபர் மகுஃபுலி அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு வாங்குவதாக அறிவித்து, ராணுவ லாரிகளை அனுப்பிக் கொட்டையை எடுத்தார். கொல்லத்து முதலாளிகளுக்கு இன்றும் அது ஞாபகம் இருக்கும், அதனால் அங்கே அரசு அறிவிப்பு என்ன வந்தது என்று சுவாஹிலியில் படித்து அன்றைக்கே சொல்லக் கூடிய ஆளுக்கு மதிப்பு உண்டு. ஏல அறிவிப்பு, வரி மாற்றம், துறைமுகச் செய்தி, இவற்றை ‘ம்வானஞ்சி’, ‘ஹபாரி லியோ’ பத்திரிகைகளில் தினம் பார்த்து, ஐந்து வரியில் மலையாளத்தில் வாட்சப்பில் அனுப்புங்கள், முதல் இரண்டு வாரம் காசு கேட்காமல். அப்புறம் மாதக் கட்டணம் பேசலாம்.

இந்த வேலையின் சொற்கள் வேறு. ‘கொரோஷோ காஃபி’ உடைக்காத பச்சைக் கொட்டை, ‘காலா’ கிடங்கு, ‘ம்னாடா’ ஏலம், ‘உன்யேவு’ ஈரப்பதம், ‘மகுனியா’ சாக்குகள், ‘உஷுரு’ தீர்வை. கொட்டையின் தரத்தை மூன்று எண்ணில் பேசுவார்கள்: ஈரப்பதம் எத்தனை சதவீதம், கிலோவுக்கு எத்தனை கொட்டை, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை ராத்தல் பருப்பு. மூன்றாவதுதான் விலையைத் தீர்மானிக்கிறது, அதில் ஒரு ராத்தல் மாறினால் ஒரு கண்டெய்னரில் பெரிய தொகை மாறும், அதனால் எண்களை வாயால் சொன்னதோடு விடாமல் எழுதி அனுப்பி, ஆமாம் என்று பதில் வாங்கிவிடுங்கள்.

பேரத்தில் நடுவில் நிற்பது ஆஸ்பத்திரியைவிடச் சிரமம், காரணம் இரண்டு பக்கமும் உங்களைத் தங்கள் ஆள் என்று நினைக்கும். முதலாளி கோபத்தில் ஒன்று சொல்வார், அதை மென்மையாக்கிச் சொன்னால் அந்தப் பக்கம் விலையை இறக்காது, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் பேரமே முறிந்துவிடும். சொன்னதைச் சொன்னபடி. திட்டினால் திட்டு என்றே சொல்லலாமா என்று முதலாளியிடம் கேளுங்கள், பாதி நேரம் ‘வேண்டாம் மக்கா, விடு’ என்று அவரே இறங்கிவிடுவார். ஃபோன் நேரம் வைக்கும்போது அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதையும் மேலே சொன்ன ஆறு மணிக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்: ‘சா ன்னே அசுபுஹி’ என்றால் அங்கே காலை பத்து, இங்கே பன்னிரண்டரை.

கொட்டையைத் தங்கள் நாட்டிலேயே உடைக்க வேண்டும் என்று டான்சானியா அரசு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அது நடக்க நடக்க வறுப்பு, தல்லு (ஓடு உடைப்பது), பீலிங், கிரேடிங் சொல்லிக்கொடுக்க இங்கிருந்து ஆட்கள் போவார்கள், கூட ஒரு மொழிக்காரரும் போக வேண்டியிருக்கும். அப்படிப் போகச் சொன்னால் வேலை விசாவா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள், சுற்றுலா விசாவில் போய் மிஷின் பக்கத்தில் நிற்காதீர்கள். போகும் முன் இங்கேயே ஒரு ஆபீஸில் ஒரு நாள் முழுக்க நின்று, தோல் உரிக்கும் அக்காமார் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள், பருப்புத் தரத்தில் டபிள்யூ 240க்கும் 320க்கும் வித்தியாசத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஏலம் அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கப்புறம் கொல்லத்தில் எந்த முதலாளிக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. ஓணம் முடிந்த வாரத்தில் போய்ப் பாருங்கள், காலையில், கூடவே கடந்த வருட ஏல அறிவிப்பு ஒன்றை மலையாளத்தில் மொழிபெயர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு.